பழைய ஸ்பிரிங்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. கோவை கணபதியில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் மூன்று மாதம் பயிற்சிக்கு இருந்த தோழி சொல்லிக் கேட்டது. அவளும் பாதியைத்தான் பார்த்தாள். மீதியை அங்கே வேலை பழகிய சீடரே அவளிடம் சொன்னாராம். அதனால் எங்கேயாவது ஒன்றிரண்டு கூடியோ குறைந்தோ இருக்கலாம். கதவைப் பற்றிய பகுதி மட்டும் எத்தனை முறை கேட்டபோதும் மாறவில்லை.

அந்தக் கிளினிக்கில் குருவுக்கு வயது முப்பத்து மூன்று. சீடருக்கு நாற்பத்து இரண்டு.

குருவின் பெயர் தாரணி. ஈரோட்டுக்காரர். சீடர் சத்தியசீலன், வேலூர்ப் பக்கம். பதினேழு வருடம் ராணுவ மருத்துவமனைகளில் நர்சிங் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அதற்குப் பிறகு, தன்னில் பாதி வயதுப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பிசியோதெரபி படித்துப் பட்டம் வாங்கினார். தாரணி அவரை அண்ணா என்பார். அவர் தாரணியை மேடம் என்பார். யாருக்கு யார் கற்றுக்கொடுக்கிறார் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்புவார்கள். வேலை தொடங்கியதும் குழப்பம் தீர்ந்துவிடும்.

கிளினிக்குக்கு ஒரே கதவு. அதற்கு ஓர் உருண்டைக் கைப்பிடி. வெளியே போவதென்றால் அதை இறுக்கிப் பிடித்து, முறுக்கி, பிடித்த பிடி விடாமல் உள்பக்கம் இழுக்க வேண்டும். சேர்ந்த முதல் வாரமே சத்தியசீலன் கேட்டார்.

"மேடம், இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் கைவலிக்காரங்க. இந்தக் கதவைச் சரி பண்ணிடலாமா? பத்து நிமிஷ வேலை."

"இருக்கட்டுங்ணா."

ஒரு மாதம் கழித்து மறுபடி கேட்டார்.

"இருக்கட்டுங்ணா. அதும்பாட்டுக்கு அதும் வேலை செஞ்சுட்டுத்தான இருக்குது."

எங்கே செய்கிறது என்று அவர் மனதுக்குள் நினைத்துக்கொண்டார்.

துளசிமணி வந்தது ஒரு திங்கட்கிழமை. நாற்பத்தைந்து வயதுப் பெண். போர்வெல் மோட்டார் செய்யும் கம்பெனியில் வைண்டிங் வேலை. மோட்டாரின் இரும்பு உருளைக்குள் இருக்கும் சந்துகளில் காப்பர் வயரை ஒவ்வொன்றாக நுழைத்து, கையாலேயே இழுத்து இறுக்க வேண்டும். ஒரு நாளைக்குச் சில நூறு இழுப்பு. பன்னிரண்டு வருடம் இழுத்த பிறகு வலது முழங்கையின் வெளிப்பக்கம் பிடித்துக்கொண்டது. இப்போது சொம்பைத் தூக்கினால்கூட வலி சுரீரென்று மணிக்கட்டு வரை ஓடியது.

சத்தியசீலன் அட்டையில் நோயின் பெயரை எழுதினார். டென்னிஸ் எல்போ.

துளசிமணி எட்டிப் பார்த்தார். "ஏனுங்க சார், இதைக் கொண்டுபோய்க் கம்பெனில காட்டுனா, லீவு போட்டுட்டு வெளையாடப் போயிட்டான்னுதான் சொல்லுவாங்க. வேற பேரு எதும் இல்லீங்களா?"

தாரணி சிரித்தார். சத்தியசீலன் அதை அடித்துவிட்டு, முழங்கைத் தசைநார் வலி என்று எழுதினார்.

"எத்தனை நாள் லீவுங்க அக்கா?" என்று தாரணி கேட்டார்.

"அஞ்சு வாரமுங்க. ஆறாவது திங்கக்கெழம வேலைக்கு ஆகும்னு லெட்டரோட வரச் சொல்லீட்டாரு சூப்பர்வைசரு. இல்லீன்னா எம்பட எடத்துல வேற ஆளுங்க. ரெண்டு பேரு காத்துட்டு இருக்கறாங்க."

தாரணி அவரைப் படுக்க வைத்தார். ஓர் உள்ளங்கையால் மேல்கையை அசையாமல் பிடித்துக்கொண்டார். மற்ற உள்ளங்கையை முழங்கைக்குச் சற்றுக் கீழே, உள்பக்கமாக வைத்து, வெளிப்பக்கம் நோக்கி லேசாகத் தள்ளினார். ஒரு சாவியின் தடிமன் அளவுக்குத்தான் நகர்ந்திருக்கும்.

"இப்ப கையை மூடி இறுக்குங்க."

துளசிமணி பயந்து பயந்து இறுக்கினார். பிறகு நன்றாகவே இறுக்கினார். கண்கள் விரிந்தன.

"வலி எங்கீங்க போச்சு?"

"போகலீங்க. ஒதுங்கி நிக்குது. நான் கையை எடுத்தா வந்துரும். பத்து வாட்டி, இருவது வாட்டின்னு வாரக்கணக்குல இப்படியே செஞ்சு, கூடவே நீங்க வீட்டுல பயிற்சியும் செஞ்சா, மெதுவாப் போகும்."

பிறகு சத்தியசீலனிடம் திரும்பினார். "நாம புடிச்சிருக்கறப்ப வலிக்கவே கூடாதுங்ணா. வலிச்சா நம்ம கைதான் எடம் மாறோணும். அவங்க பொறுத்துக்கக் கூடாது."

அடுத்து, பிடியின் பலத்தை அளக்கும் கருவி. கையில் பிடித்து அமுக்கினால் எத்தனை கிலோ என்று முள் காட்டி, விட்ட பிறகும் அங்கேயே நிற்கும். இதில் ஒரே ஒரு விதி. முழு பலத்தையும் காட்டக் கூடாது. வலி தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். வலியில்லாமல் எவ்வளவு பிடிக்க முடிகிறது என்பதுதான் கணக்கு.

துளசிமணியின் இடது கை இருபத்தாறு காட்டியது. வலது கை எட்டில் நின்றது.

"எட்டுதானா?" என்று சத்தியசீலன் வாய்விட்டே சொல்லிவிட்டார்.

"மன்னிச்சுக்குங்க சார்" என்றார் துளசிமணி.

துளசிமணியின் கையைத் தாரணி சத்தியசீலனிடமே ஒப்படைத்தார். "முதல் நாள்ல இருந்து கடைசி லெட்டர் வரைக்கும் நீங்களே பாருங்ணா."

அவர் பார்த்தார். வாரத்துக்கு மூன்று நாள். ராணுவத்தில் பழகிய கை என்பதால் பிடி கொஞ்சம் பலமாக இருக்கும். "சார், பார்டர்ல ஆளைப் புடிக்கற மாதிரிப் புடிக்கறீங்க" என்று துளசிமணி கிண்டல் செய்வார். அவர் பிடியைத் தளர்த்திக்கொள்வார். ஒவ்வொரு முறையும் கடைசியில் கருவியில் அமுக்கச் சொல்வார். எட்டு ஒன்பதானது. பதினொன்றானது. மூன்று வாரம் முடிந்தபோது பதினான்கு. எண் ஏறும்போதெல்லாம் அவர் முகம் மலர்ந்து, "வெரி குட்" என்பார். அவர் வேலை பார்த்த இடங்களில், தைத்த காலோடு முதல் அடி வைக்கும் சிப்பாயிடம் அப்படித்தான் சொல்வார்கள்.

"பரவால்லீங்க சார், நல்லாத்தானுங்க இருக்குது" என்பார் துளசிமணி.

நான்காவது வாரம் தாரணியின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். பன்னிரண்டு நாள் ஈரோட்டுக்குப் போய்விட்டார். கிளினிக் முழுவதும் சத்தியசீலன் பொறுப்பு.

அந்த நாட்களில் துளசிமணியின் எண் தாவிக்கொண்டு போனது. பதினேழு. இருபது. இருபத்து மூன்று. சத்தியசீலனுக்குத் தன் கைகளின் மேல் புதிதாக ஒரு மரியாதை வந்தது.

கிளினிக்குக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை, அவர் ஸ்குரூ டிரைவரோடு வந்து கதவின் பூட்டைக் கழற்றினார். உள்ளே இருந்த முரட்டு ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, லேசான புது ஸ்பிரிங் போட்டார். கிரீஸ் தடவினார். ஒரு விரலால் திறந்து பார்த்தார். திறந்தது.

திங்கட்கிழமை வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். "சாரு கை வெச்சா எல்லாம் சரியாயிருதுங்க" என்றார் ஒரு கழுத்து வலிக்காரர்.

ஐந்தாவது வாரம் சனிக்கிழமை தாரணி திரும்பி வந்தார். வழக்கம்போல் கைப்பிடியை முறுக்கி, தோளால் முட்டித் தள்ளினார். கதவு பறந்தது. பையோடு அறையின் நடுவுக்கு வந்து மேஜையைப் பிடித்துத்தான் நின்றார்.

"சரி பண்ணிட்டேன் மேடம்" என்றார் சத்தியசீலன்.

தாரணி திரும்பிப் போய் கைப்பிடியை இரண்டு மூன்று முறை திருப்பிப் பார்த்தார்.

"பழைய ஸ்பிரிங் எங்கீங்ணா?"

"கவர்ல போட்டு வச்சிருக்கேன். எதையும் தூக்கிப் போடற பழக்கம் இல்ல மேடம்."

"நல்லதுங்ணா."

பதினொரு மணிக்குத் துளசிமணி வந்தார். நாளை மறுநாள் திங்கட்கிழமை. அமுக்கினார். இருபத்தைந்து.

"வெரி குட்" என்றார் சத்தியசீலன். இடது கைக்கும் வலது கைக்கும் ஒரே ஒரு கிலோதான் வித்தியாசம். மேஜைக்குப் போய்க் கடிதத்தை எழுதினார். முன்பு செய்த வேலையை முழுமையாகச் செய்யத் தகுதியுடையவர். தேதி போட்டார்.

தாரணி அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இல்லாத பன்னெண்டு நாள்ல பதினொரு கிலோ ஏறியிருக்குது."

"ஆமா மேடம்."

"எனக்கு இவ்வளவு வேகமா வந்ததே இல்லீங்ணா."

சத்தியசீலன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

"கையெழுத்து நீங்களே போடுங்ணா. அதுக்கு முன்னாடி அந்தப் பழைய ஸ்பிரிங்கை மறுபடி மாட்டிருங்க."

"இப்பவா?"

"இப்பவேதான். அக்கா அதுக்குள்ள டீ குடிக்கட்டும்."

அவருக்குச் சுருக்கென்றது. கேட்காமல் செய்ததற்குத் தண்டனையா என்று தோன்றியது. ஆனால் உத்தரவென்றால் உத்தரவு. கதவருகே தரையில் உட்கார்ந்து பூட்டைக் கழற்றினார். கிரீஸைத் துணியால் துடைத்தார்.

துளசிமணி டீ கிளாஸோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கெட்டுப் போனதைச் சரி பண்றதைப் பாத்திருக்கறேனுங்க. நல்லா இருக்கறதைக் கெடுக்கறதை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

"மேலிடத்து உத்தரவும்மா."

பழைய ஸ்பிரிங்கை மாட்டிவிட்டு அவர் எழுந்ததும் தாரணி துளசிமணியிடம் ஒரு சீட்டை நீட்டினார். "அக்கா, கீழ மெடிக்கல்ல இதைக் காட்டுனா முழங்கைக்குக் கட்டற பட்டி ஒண்ணு தருவாங்க. வாங்கிட்டு வந்துருங்க. அதுக்குள்ள லெட்டர் ரெடியாயிரும்."

துளசிமணி இடது தோளில் பையை மாட்டிக்கொண்டு கதவுக்குப் போனார். வலது கை கைப்பிடியைப் பிடித்தது. முறுக்கியது. பாதியில் நின்றது. தோள் காதுவரை உயர்ந்தது.

அவர் சத்தம் எதுவும் போடவில்லை. கையை எடுத்தார். பையை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றினார். இடது கையால் கதவைத் திறந்துகொண்டு போனார். யாரும் பார்த்தார்களா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நெடுநாள் பழக்கம்போல் அது நடந்தது.

சத்தியசீலன் பேனாவை மூடினார்.

"இருபத்தஞ்சு வந்துச்சு மேடம். என் கண்ணால பார்த்தேன்."

"வந்திருக்குமுங்ணா."

தாரணி அடுத்தவரின் முழங்காலைப் பார்க்கப் போய்விட்டார்.

துளசிமணி பட்டியோடு திரும்பி வந்தார். சத்தியசீலன் அவருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"துளசிமணியம்மா, கருவியில அமுக்கறப்ப வலிச்சுதா?"

துளசிமணி பையின் வாரைச் சரிசெய்தார்.

"வலிச்சப்புறமும் அமுக்கினீங்களா?"

"கொஞ்சந்தானுங்க."

"எத்தனை நாளா?"

துளசிமணி பட்டியின் உறையைப் பிரித்து, மறுபடி மடித்தார். "மொத நாளு நீங்க சொன்ன மாதிரியே நிறுத்துனனுங்க. எட்டு வந்துச்சு. உங்க மொகமே வாடிப் போச்சு. அப்பறம் ஒவ்வொரு தடவையும் நம்பரைப் பாத்துட்டுச் சந்தோசமா வெரி குட்டுன்னு சொல்றீங்க. இத்தன பாடுபட்டுக் கையைப் புடிச்சு விடற மனுசனுங்க. உங்க முன்னால எப்படீங்க பாதியில நிறுத்தறது?"

கொஞ்சம் பொறுத்து அவரே சொன்னார். "திங்கக்கெழம வேலைக்கும் போகோணுமில்லீங்க."

சத்தியசீலன் கருவியை எடுத்தார். முள் இருக்கும் முகப்பைச் சுவர்ப்பக்கம் திருப்பி அவர் கையில் வைத்தார். தானும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

"வலி ஆரம்பிச்சதும் நிறுத்திடுங்க. நான் பார்க்கல."

துளசிமணி நிறுத்திய பிறகு கருவியை வாங்கித் திருப்பினார். பன்னிரண்டு. மூன்று வாரத்தில் வந்த பதினான்குகூட இல்லை. இந்தப் பன்னிரண்டு நாளாக இன்னும் அதிகமாக வலிக்க வலிக்க அமுக்கியதில் கை கொஞ்சம் பின்னால் போயிருந்தது.

"எத்தனைங்க சார்?"

"பன்னெண்டு." மணி எத்தனை என்று கேட்டவருக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"அப்ப லெட்டரு?"

அவர் எழுதிய கடிதத்தைக் கிழித்தார். செல்போனை எடுத்தார். "சூப்பர்வைசர் நம்பர் குடுங்கம்மா."

போனில் சூப்பர்வைசர் முதலில் பிடிகொடுக்கவில்லை. ஆள் இல்லாமல் ஆர்டர் நிற்கிறது என்றார். வருவதென்றால் முழு வேலைக்கு வரட்டும் என்றார்.

"சார், இன்னைக்கு நான் ஃபிட்டுன்னு எழுதிக் குடுத்தா, திங்கக்கிழமை வருவாங்க. புதன்கிழமை மறுபடி லீவு கேப்பாங்க" என்றார் சத்தியசீலன். "வயர் இழுக்கற வேலை மட்டும் நாலு வாரத்துக்கு வேண்டாம். டெஸ்டிங் மேஜையில மீட்டர் பார்த்து எழுத ஒரு ஆள் வேணும்ல? அங்க உக்கார வைங்க. நாலு வாரத்துல பன்னெண்டு வருஷ அனுபவம் உங்க வைண்டிங்குக்குத் திரும்பி வரும்."

"நீங்க உறுதி குடுக்கறீங்களா?"

சத்தியசீலன் தாரணியைத் திரும்பிப் பார்த்தார். தாரணி முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த நோயாளியின் முழங்காலை மடக்கிக்கொண்டிருந்தார்.

"என் கையெழுத்து இருக்கும் சார். தப்பா போச்சுன்னா என்னைக் கூப்பிடுங்க."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. "நாலு வாரந்தானுங்க" என்றார் சூப்பர்வைசர். "அதுக்கு மேல கேக்காதீங்க."

துளசிமணி திங்கட்கிழமை டெஸ்டிங் மேஜையில் உட்கார்ந்தார். வேலை முடிந்து மாலையில் சிகிச்சைக்கு வந்தார். சத்தியசீலன் இப்போது முழங்கையைப் பிடித்துத் தள்ளும்போதே, "இருக்கா?" என்று கேட்பார். இருக்கிறது என்றால் கையை ஒரு நூல் இப்படி நகர்த்துவார், ஒரு நூல் அப்படி நகர்த்துவார். "இப்ப இல்லீங்க" என்ற பிறகே கையை மூடச் சொல்வார். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, மணிக்கட்டை மெதுவாக, மிக மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சியை வீட்டுக்குக் கொடுத்தார். செய்தீர்களா என்று கேட்டார். செய்யவில்லை என்று துளசிமணி சொன்ன நாளில், "சரி, இன்னைக்குச் செய்யுங்க" என்றார். அவ்வளவுதான்.

எண்ணைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

"என்னுங்க சார், வாயில கொழுக்கட்டையா?" என்று துளசிமணி கேட்பார். "ஒரு காலத்துல வெரி குட்டு எல்லாம் சொல்லுவீங்க."

"ஸ்டாக் தீர்ந்துடுச்சும்மா."

பன்னிரண்டு. பதின்மூன்று. ஒரு வாரம் முழுவதும் பதினைந்து. பிறகு மறுபடி பதினைந்து.

டெஸ்டிங் மேஜைக்குப் போன நான்காவது வாரத்தின் கடைசி நாள் துளசிமணி கருவியை அமுக்கினார். எண்ணைக் கேட்டுக்கொண்டார். பையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். டெஸ்டிங் மேஜையில் பக்கத்தில் உட்காரும் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்த கதையைத் தாரணியிடம் சொல்லிக்கொண்டே நடந்தார். மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் காது கேட்காதாம். பெண்ணின் அப்பா அது தெரியாமல், தணிந்த குரலிலேயே அரை மணி நேரம் குடும்பப் பெருமை பேசினாராம். கதவருகே போயும் கதை முடியவில்லை. முகத்தைத் தாரணி பக்கம் திருப்பிக்கொண்டே வலது கையால் கைப்பிடியைப் பிடித்து, முறுக்கி, இழுத்தார். கதவு திறந்தது. கதையின் மிச்சம் மாடிப்படியில் இறங்கிப் போனது.

சத்தியசீலன் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"மேடம், பத்தொன்பதுதான்."

"ம்."

"இடது கை இருபத்தாறு. லெட்டர் எழுதலாமா?"

"நீங்க என்ன பாத்தீங்கண்ணா?"

"கதவைத் திறந்தாங்க. எந்தக் கையால திறந்தோம்னு அவங்களைக் கேட்டா அவங்களுக்கே தெரியாது."

"அப்பறம் என்னங்ணா?"

அவர் எழுதினார். வயர் இழுக்கும் வேலையைத் தொடங்கலாம். முதல் இரண்டு வாரம் அரை நாள் மட்டும். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். உறையில் வைத்து ஒட்டிய பிறகும் நாற்காலியை விட்டு எழவில்லை.

"ஒண்ணு கேக்கலாமா மேடம்?"

"கேளுங்ணா."

"நான் கதவைச் சரி பண்ணலாமான்னு ரெண்டு தடவை கேட்டேன். போகும்போது எந்தக் கை கதவைத் திறக்குதுன்னு பார்க்கத்தான் வச்சிருக்கேன்னு நீங்க அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

தாரணி கையில் இருந்த பவுடரைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"சொல்லியிருந்தா, அவங்க கதவைத் திறக்கறப்பவும் நீங்க வெரி குட் சொல்லியிருப்பீங்கண்ணா."

சத்தியசீலன் உறையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

பிறகு ஒருநாள் நானே அங்கே போய் விசாரித்தேன். கதவு இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது. துளசிமணி வைண்டிங்கில்தான் இருக்கிறார். ஒன்று மட்டும் பொருந்தவில்லை. கடைசி நாள் எண் இருபத்திரண்டு என்றுதான் தோழி எனக்குச் சொல்லியிருந்தாள். சத்தியசீலன், நோயாளியின் பெயரை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு அட்டையைக் காட்டினார். பத்தொன்பது.